ரேம் வாங்கிப் போட்டால் தீர்ந்ததா?

மென்பொருள்காரர்கள் கூடும் இடங்களில் எதிர்ப்பே இல்லாமல் செல்லுபடியாகும் வாதம் ஒன்று உண்டு. நினைவகம் மலிவு, நிரல் எழுதுபவரின் நேரம்தான் விலை கூடியது. தரவு பெருத்தால் பெரிய சர்வரை வாடகைக்கு எடு. ரேம் போதாவிட்டால் இரட்டிப்பாக்கு. இடத்தைச் சுருக்குகிறேன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. மிகப் பெரிய உரைகளைக் குறைந்த இடத்தில் அட்டவணைப்படுத்தித் தேட உதவும் எஃப்எம் இண்டெக்ஸ், ஆர் இண்டெக்ஸ் போன்ற கட்டமைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் 64 கேபி காலத்துக் கஞ்சத்தனம், பேராசிரியர்கள் கட்டுரை எழுத ஆகும் என்று சிரித்து முடித்துவிடுவார்கள்.

இந்த வாதத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. இடத்தைக் குறைத்தால் வேகமும் குறையும் என்பது ஒன்று. இடம் என்பது வெறும் காசுப் பிரச்சினை என்பது மற்றொன்று. இரண்டையும் ஏற்க முடியாது. ஏஐ தரவு மையங்களின் பசியால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதையும், மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்ததையும் நான் சாட்சிக்கு இழுக்கலாம். இழுக்கப்போவதில்லை. விலை நாளை இறங்கலாம். ரேம் இலவசமாகவே கிடைத்தாலும் அந்த வாதம் தவறு என்பதுதான் என் கட்சி.

முதலில் பிரச்சினையைச் சரியாக வைப்போம். நீண்ட உரை ஒன்று இருக்கிறது. அதில் எந்தத் துண்டைக் கொடுத்தாலும் அது எத்தனை முறை, எங்கெங்கே வருகிறது என்று உடனே சொல்ல வேண்டும். சொல், இடைவெளி, நிறுத்தற்குறி எதையும் நம்ப முடியாது. மனித ஜீனோம் இதற்குச் சரியான உதாரணம்: நான்கே எழுத்துகளில் எழுதிய, ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளமுள்ள, இடைவெளியே இல்லாத உரை. எழுத்துக்கு 2 பிட் போதும் என்பதால் முழுவதும் 800 எம்பிக்குள் அடங்கிவிடும். அதைத் தேட 1973இல் பீட்டர் வைனர் சஃபிக்ஸ் ட்ரீயைக் கொடுத்தார். தேடும் நேரம் துண்டின் நீளத்தை மட்டும் பொறுத்தது, உரை எவ்வளவு நீளமானாலும் கவலை இல்லை. ஆனால் எழுத்துக்குப் பத்துப் பதினைந்து பைட் விழுங்கும். 1990இல் உடி மான்பரும் ஜீன் மயர்ஸும் அதைச் சஃபிக்ஸ் அரேயாக மெலிய வைத்தார்கள். உரையின் ஒவ்வோர் இடத்திலும் தொடங்கிக் கடைசிவரை ஓடும் வால்களை எல்லாம் அகராதி வரிசையில் அடுக்கி, அவை தொடங்கும் இடங்களின் எண்களை மட்டும் வைத்துக்கொள்வது. அப்போதும் ஓர் எண்ணுக்கு 32 பிட் வேண்டும். 2 பிட் எழுத்துக்கு 32 பிட் சுட்டி! உரையைவிட அட்டவணை பதினாறு மடங்கு. மனித ஜீனோமுக்கு 12 ஜிபிக்கு மேல்.

“பன்னிரண்டுதானே, என் லேப்டாப்பிலேயே பதினாறு இருக்கிறது” என்பார்கள். ஒரு மனிதரோடு நின்றால் சரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சுருக்கினால் மெதுவாகும் என்பவர்களின் மனத்தில் ஜிப் கோப்பு இருக்கிறது. திற, விரி, தேடு, மூடு. இந்தத் துறையில் நடப்பது அதுவே இல்லை. 1994இல் மைக்கேல் பரோஸும் டேவிட் வீலரும் டெக் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்திலிருந்து ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டார்கள். சுருக்குவதற்கு முன் உரையின் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் உத்தி அது. வீலருக்கு 1983லேயே தோன்றியிருந்தது. பிஜிப்2 இன்றும் அதன்மேல்தான் ஓடுகிறது. (இதே பரோஸ்தான் 1995இல் வெளிவந்த அல்டாவிஸ்டா தேடுபொறியின் அட்டவணை நிரலை எழுதியவர். சுருக்குவதும் தேடுவதும் ஒரே ஆளின் இரு கைகளில் இருந்தன. இரண்டும் ஒரே வேலைதான் என்று தெளிய 2000 வரை ஆயிற்று.)

சிறிய உரை ஒன்றில் அந்த இடமாற்றத்தைச் செய்து பார்த்துவிடலாம். ‘கடகடகட’ என்று எடுத்துக்கொள்வோம்; முடிவைக் காட்ட # என்று ஒரு குறி, அகராதி வரிசையில் அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. வால்களை அடுக்கினால் #, கட#, கடகட#, கடகடகட#, ட#, டகட#, டகடகட# என ஏழு வரிசை. இப்போது ஒவ்வொரு வாலுக்கும் மூல உரையில் நேர் முன்னால் நிற்கும் எழுத்தை மட்டும் எழுதுங்கள். முழு உரைக்கு முன்னால் ஒன்றும் இல்லை என்பதால் அங்கே # போடுவோம். வரும் மாற்றிய உரை: டடட#ககக.

இந்த ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு ‘டகட’ எத்தனை முறை வருகிறது என்று பார்ப்போம். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ட-வில் தொடங்கும் வால்கள் 5, 6, 7 ஆகிய வரிசைகள். அவற்றுக்கு முன்னால் நிற்பவை க, க, க. நமக்கு வேண்டியது க, மூன்றும் தேறின. மாற்றிய உரையில் அவை முதல், இரண்டாம், மூன்றாம் க. அதனால் க-வில் தொடங்கும் வால்களிலும் முதல் மூன்று, அதாவது 2, 3, 4. அந்த வரிசைகளுக்கு முன்னால் நிற்பவை ட, ட, #. வேண்டியது ட, இரண்டு தேறின. ஒரு ட ஏற்கெனவே 1ஆம் வரிசையில் போய்விட்டதால் இவை இரண்டாம், மூன்றாம் ட. ஆகவே ட வால்களில் இரண்டாவதும் மூன்றாவதும்: 6, 7. விடை இரண்டு. மேலே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம், டகட#, டகடகட#.

மூல உரையை ஒருமுறைகூடத் தொடவில்லை. எதையும் விரிக்கவில்லை. செய்தது ஒன்றுதான்: இந்த இடம்வரை இந்த எழுத்து எத்தனை என்று எண்ணியது. ஒரு 0-1 வரிசையில் எந்த இடம்வரையிலும் எத்தனை 1 என்பதை, வரிசையைவிடச் சிறிய துணைக்கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு சட்டென்று சொல்லும் வழியைக் கை ஜேக்கப்சன் 1980களின் இறுதியிலேயே வகுத்துவிட்டார். இன்றைய செயலிகளில் 64 பிட்டுக்குள் எத்தனை 1 என்று சொல்லத் தனிக் கட்டளையே இருக்கிறது. 2000இல் பாவ்லோ ஃபெர்ராஜினாவும் ஜொவான்னி மன்ஸினியும் இந்தப் பின்னோக்கிய தேடலை எஃப்எம் இண்டெக்ஸாக முழுமைப்படுத்தினார்கள். அதே ஆண்டு க்ரோஸியும் விட்டரும் சஃபிக்ஸ் அரேயை வேறு வழியில் சுருக்கினார்கள். மூல உரையைத் தனியாக வைத்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை; அட்டவணையிலிருந்தே எந்தப் பகுதியையும் மீட்டுக்கொள்ளலாம்.

வேகத்துக்கு வருவோம். செயலியை ஒட்டியிருக்கும் முதல் நிலைக் கேஷிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 1 நானோவினாடி ஆகும். ரேமிலிருந்து 100. எஸ்எஸ்டியிலிருந்து சுமார் ஒரு லட்சம். கேஷ் ஒரு வினாடி என்றால் ரேம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல், எஸ்எஸ்டி ஒரு நாளுக்கு மேல். அட்டவணை பெருக்கும்போதெல்லாம் அதன் ஒரு பகுதி இந்த ஏணியில் ஒரு படி வெளியே தள்ளப்படுகிறது. கடைக்குப் போய் ரேம் வாங்கலாம், கேஷ் வாங்க முடியாது. சிறிய கட்டமைப்பு வேகமாக ஓடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எதிர்க்கட்சிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். எஃப்எம் இண்டெக்ஸின் ஒவ்வோர் அடியும் நினைவகத்தில் எங்கோ ஓர் இடத்துக்குத் தாவுகிறது. கேஷுக்கு அது பிடிக்காது. எத்தனை முறை என்று எண்ணுவதில் அது கெட்டி, எங்கெங்கே என்று சொல்வதில் சுருக்காத சஃபிக்ஸ் அரேயிடம் தோற்கும். உண்மைதான். ஆனால் இது கட்டமைப்புக்குக் கட்டமைப்பு, வேலைக்கு வேலை அளந்து சொல்ல வேண்டிய விஷயம். ‘சுருக்கினால் மெதுவு’ என்ற ஒற்றை வரி அந்த அளவையைச் செய்யாமல் தப்பிப்பதற்கே பயன்படுகிறது.

அளந்தவர்கள் இருக்கிறார்கள். 2009இல் பென் லாங்மீட், கோல் ட்ராப்னெல், மிஹாய் பாப், ஸ்டீவன் சால்ஸ்பெர்க் நால்வரும் பௌட்டி என்ற கருவியை வெளியிட்டார்கள். ரத்த மாதிரியிலிருந்து கருவி படித்துத் தரும் கோடிக்கணக்கான சிறு டிஎன்ஏ துண்டுகள் மனித ஜீனோமில் எங்கே பொருந்துகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை அதற்கு. அடியில் இருந்தது எஃப்எம் இண்டெக்ஸ். எடுத்துக்கொண்ட நினைவகம் சுமார் 1.3 ஜிபி. ஒரு செயலி மணிநேரத்தில் இரண்டரைக் கோடித் துண்டுகளுக்கு மேல் பொருத்தியது. ஹாஷ் அட்டவணைகளை நம்பிய அன்றைய கருவிகளில் மேக்கைவிட 35 மடங்கும், சோப்பைவிட 300 மடங்கும் வேகம் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். அன்றைய பௌட்டி இடைவெளி விட்டுப் பொருத்தாது, சில சலுகைகளை எடுத்துக்கொண்டது என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அதைக் கழித்த பிறகும், இடத்தைக் குறைத்தது வேகத்தைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு ஹெங் லியும் ரிச்சர்ட் டர்பினும் கொண்டுவந்த பிடபிள்யூஏ இன்றுவரை மருத்துவ ஆய்வகங்களின் அன்றாடக் கருவி.

இந்த இடத்தில் என்னை மடக்க நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் எடுக்காதது எனக்கு ஆச்சரியம். பெங்களூரில் உள்ள இன்டெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஹெங் லியோடு சேர்ந்து பிடபிள்யூஏவை இன்றைய செயலிகளுக்காக மாற்றி எழுதி, பிடபிள்யூஏ-மெம்2 என்று 2019இல் வெளியிட்டார்கள். வேகத்துக்காக இடத்தைத் தாராளமாகச் செலவழித்தார்கள். மனித ஜீனோமுக்கான அட்டவணை வட்டில் சுமார் 80 ஜிபி, நினைவகத்தில் 40 ஜிபி. வேகமும் உண்மையிலேயே கூடியது. பார்த்தாயா, ரேம் இருந்தால் சுருக்கம் எதற்கு என்று கேட்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டு வந்த 2.1 பதிப்பில் அவர்களே சஃபிக்ஸ் அரேயை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, இரண்டு விதமாக வைத்திருந்த அட்டவணையை ஒன்றாக்கினார்கள். வட்டில் 80 ஜிபி 10 ஆனது. நினைவகத்தில் 40 ஜிபி 10 ஆனது. பொருத்தும் வேகத்தில் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. அட்டவணையை ஏற்றும் நேரமோ வெகுவாகக் குறைந்தது. தாராளமாகச் செலவழித்த 30 ஜிபி எதையுமே வாங்கித் தரவில்லை என்பதை, செலவழித்தவர்களே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இனி அந்தப் பன்னிரண்டு ஜிபி. ஒரு மனிதரின் ஜீனோமுக்குச் சஃபிக்ஸ் அரே லேப்டாப்பில் அடங்கும், சரி. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேருடைய ஜீனோம்கள் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஒருவருக்கு ஒரு பிரதி என்று வைத்தாலும் 31 லட்சம் கோடி எழுத்து. அந்த நீளத்துக்கு 32 பிட் எண் போதாது. 64 பிட் எண் என்றால் கிட்டத்தட்ட 250 டெராபைட். எந்தக் கடையில் வாங்குவது?

ஆனால் இரண்டு மனிதர்களின் ஜீனோம்கள் 99.9 விழுக்காடு ஒன்றே. பத்தாயிரம் பேரில் புதிய செய்தி மிகக் கொஞ்சம்தான். அதை ரேம் பார்க்காது. ஒவ்வொரு பைட்டும் அதற்குப் புதிதே. பரோஸ்-வீலர் மாற்றம் பார்க்கும். மேலே செய்த கணக்கையே நீட்டிப் பாருங்கள். ‘கட’ மூன்று முறைக்குப் பதில் ஆயிரம் முறை வந்தாலும் மாற்றிய உரை ஆயிரம் ட, ஒரு #, ஆயிரம் க. ஒரே எழுத்து தொடர்ந்து வரும் ஓட்டங்களின் எண்ணிக்கை அப்போதும் மூன்றேதான். உரை எவ்வளவு நீண்டது என்பது முக்கியமற்றுப்போய், எத்தனை ஓட்டம் என்பதே கணக்காகிறது. எண்ணுவதற்கு இது நெடுநாளாகத் தெரிந்திருந்தது. எங்கெங்கே என்று இடத்தைச் சொல்ல மட்டும் உரை நீளத்துக்கு ஏற்ப மாதிரி எண்களைச் சேமிக்க வேண்டியிருந்தது, சுருக்கத்தின் பலனை அதுவே தின்றுவிட்டது. 2018இல் ட்ராவிஸ் கேகி, கொன்சாலோ நவார்ரோ, நிக்கோலா பிரெஸ்ஸா மூவரும் ஓட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடமே அதற்கும் போதும் என்று நிறுவினார்கள். ஆர் இண்டெக்ஸ் அப்படிப் பிறந்தது.

பலன் எவ்வளவு என்பதற்கு ஒரே ஓர் எண். 2024இல் ஹெங் லி வெளியிட்ட ரோப்பிடபிள்யூடி3, பாக்டீரியா ஜீனோம்கள் 7.3 லட்சம் கோடி எழுத்தை, ஓர் எழுத்தும் இழக்காமல், சுமார் 30 ஜிபிக் கோப்பில் அடக்கியது. எழுத்துக்கு 2 பிட் என்று வெறுமனே எழுதி வைத்தாலே 1.8 டெராபைட் ஆகியிருக்கும். சஃபிக்ஸ் அரே என்றால் 58 டெராபைட். இதில் மிச்சமானது பணம் என்று சொன்னால் விஷயத்தைத் தவறவிட்டுவிடுகிறோம். 58 டெராபைட் ரேமை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஆய்வகங்களை விரல்விட்டு எண்ணலாம். 30 ஜிபி என்றால் ஒரு மாவட்ட மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்திலும் கேட்கலாம். ரேம் மலிவு என்று சொல்பவர் எப்போதும் ரேம் உள்ளவர்தான்.

ஹெங் லியே நீண்ட துண்டுகளைப் பொருத்த எழுதிய மினிமேப்2இல் எஃப்எம் இண்டெக்ஸை விட்டுவிட்டு ஹாஷுக்குத் திரும்பவில்லையா என்று கேட்கலாம். திரும்பினார். ஆனால் அந்த ஹாஷுக்குள் போவது ஜீனோமின் எல்லாத் துண்டுகளும் இல்லை. மினிமைசர் என்ற விதிப்படி பொறுக்கியெடுத்த சில மட்டும். அதுவும் இடம் குறைக்கும் உத்தியே, வேறு வாசல் வழியாக.

ஜீனோம் போகட்டும், சாதாரண உரைக்குச் சொல் வாரியான இன்வர்டட் இண்டெக்ஸ் போதாதா? செய்தித்தளத்தில் செய்தி தேடப் போதும். அதில் சண்டையே இல்லை. தமிழ் இலக்கியத் தொகுப்பு ஒன்றில் தேடுபவருக்குப் போதாது. புணர்ந்து ஒட்டிய சொற்களை ஒரு பதிப்பாசிரியர் பிரித்து அச்சிடுவார், இன்னொருவர் சேர்த்தே விடுவார். இடைவெளியை நம்பிச் சொற்களை வெட்டும் தேடுபொறி இரண்டில் ஒன்றைத் தவறவிடும். எங்கே தொடங்கினாலும் தேடும் கட்டமைப்பு தவறவிடாது. (மரம் என்று தேடினால் மரத்தை வராது, அது இலக்கண ஆய்வி செய்ய வேண்டிய வேலை. எல்லாவற்றையும் ஒரே கருவியின் தலையில் கட்ட வேண்டாம்.)

தமிழுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ‘அம்மா’ 15 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. சேதி முக்கால்வாசி மூன்றாவது பைட்டில்தான். பைட் வாரியாகக் கட்டிய சஃபிக்ஸ் அரே இந்த மூன்றுக்கும் ஒரே கட்டணம் வாங்கும். சுருக்கிய அட்டவணையோ அடுத்து வருவது எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதைப் பொறுத்தே இடம் எடுப்பதால், அந்த 224க்கு ஏறக்குறைய ஒன்றும் வாங்காது. ஆங்கிலத்துக்கு ஒரு பைட், நமக்கு மூன்று என்று அமைந்துவிட்ட உலகில் ‘இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே’ என்ற அறிவுரையை நாம் கொஞ்சம் நிதானித்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு குரல் சேர்ந்திருக்கிறது: மொழி மாதிரிகள் வந்துவிட்டன, பொருளைப் புரிந்து தேடும் வெக்டர் தேடல் வந்துவிட்டது, எழுத்துக்கு எழுத்து தேடுவது பழங்கதை. வெக்டர் தேடல் ஒத்தவற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். அச்சு அசலாக இதே வரி பயிற்சி உரையில் இருந்ததா என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ஒரு மொழி மாதிரி தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியது அறிவாலா, கேள்வித்தாளை முன்பே படித்ததாலா என்று பிரிக்க அந்தக் கேள்விதான் வேண்டும். 2024இல் இன்ஃபினி-கிராம் என்ற கருவி ஐந்து லட்சம் கோடி டோக்கன்களுக்குச் சஃபிக்ஸ் அரே கட்டிக் காட்டியது, டோக்கனுக்கு 7 பைட். அடுத்த ஆண்டே அதன் வழியில் வந்த இன்ஃபினி-கிராம் மினி, எஃப்எம் இண்டெக்ஸுக்கு மாறியது. அட்டவணையின் அளவு மூல உரையில் 44 விழுக்காடு. பல பத்து டெராபைட் இணைய உரையை அதில் ஏற்றித் தேடியபோது, புகழ்பெற்ற சில தேர்வுத்தொகுப்புகளின் கேள்விகளில் கணிசமான பங்கு அந்த உரைக்குள்ளேயே கிடந்தது தெரியவந்தது. பழங்கதை என்று சொல்லப்பட்ட கட்டமைப்புதான் புதுக்கதையைத் தணிக்கை செய்கிறது.

என்னோடு வாதாட வருபவர்கள் ரேம் விலையை விட்டுவிட்டு, கட்டுமானச் செலவைக் கையில் எடுத்துக்கொண்டு வரட்டும். அது உண்மையான பலவீனம். இந்த அட்டவணைகள் தேடும்போது சிறியவை, கட்டும்போது பெரிய பசிக்காரர்கள். அந்த 30 ஜிபிக் கோப்பைக் கட்ட ரோப்பிடபிள்யூடி3க்கு 26 நாள் ஆயிற்று, உச்சத்தில் 170 ஜிபி நினைவகம் வரை கேட்டது. நடுவில் ஓர் உரையைச் செருகுவதும் நீக்குவதும் பெரும்பாலான வடிவங்களில் இன்னும் தலைவலியே. தினமும் மாறும் தரவுக்கு இதைப் பரிந்துரைக்க நானும் தயங்குவேன். ஆனால் இங்கேயும் நிவாரணம் பெரிய சர்வரிலிருந்து வரவில்லை. 2019இல் கிறிஸ்டினா பௌச்சரும் கேகி, லாங்மீட், மன்ஸினி உள்ளிட்ட கூட்டாளிகளும் கொடுத்த முறை உரையைச் சில அடையாளத் துண்டுகளில் வெட்டி, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை ஒரே ஒருமுறை அகராதியில் எழுதி, அந்த அகராதியையும் அது வந்த வரிசையையும் மட்டும் வைத்தே பரோஸ்-வீலர் மாற்றத்தைக் கட்டிவிடுகிறது. ஆயிரம் பேரின் ஒரே குரோமோசோமைக் கொடுத்தால், ஆயிரமும் அதன் நினைவகத்துக்குள் முழுதாக ஏறுவதே இல்லை.